கொழும்பு நிக்கிது, தோட்டம் வருது

தோட்டத்துத் தொரைமாருக்கு மெஷினப் பத்தி வெளக்கம் சொல்றத விட வெட்டி வேல ஒலகத்துல கெடையாது. அந்த வேலையத்தான் எனக்குக் குடுத்தாங்க.

நெட்வர்க்கிங் படிச்சு முடிச்சு கொழும்புல ஒரு சின்ன கம்பனியில தற்காலிகமா சேந்திருந்தேன். ரெண்டாயிரத்துக்குப் பெறகு, மலையில தோட்டத்து ஆபீஸ்களுக்கு அப்பதான் வேகமான இன்டர்நெட் லைன் எட்டிப் பாக்க ஆரம்பிச்ச காலம். ஒரு வெள்ளிக்கிழம எங்க பாஸ் என்னக் கூப்பிட்டாரு.

"நோட்டன் பிரிட்ஜ் ரோட்டுல ஒரு தோட்டம். அங்கருந்து இங்க அவங்க ஹெட் ஆபீஸுக்கு விபிஎன் டனல் ஒண்ணு போடணும். அடுத்த கெழம அவங்க டிரெக்டர் தோட்டத்துக்குப் போறாரு. அவரு பாக்குறப்ப டனல் விழாம நின்னா நீ பேர்மனன்ட். விழுந்து கெடந்தா நீ வீட்டுக்கு."

வீடுன்னா பூண்டுலோயா பக்கம், தோட்டத்து ஆளுங்க வரிசையா குடியிருக்குற லயத்துல ஒரு காம்பரா. அம்மா தேயிலக் கொழுந்து எடுக்குறவங்க. நான் கம்ப்யூட்டர் படிக்கப் போனப்ப லயத்துல பாதிப் பேரு "இது படிச்சு என்னத்தக் கிழிக்கப் போகுது"ன்னு பேசுனாங்க. மத்தப் பாதிப் பேரு எனக்கு மாப்பிள பாத்தாங்க. வேல போயி திரும்புனா ரெண்டு கோஷ்டியும் சேந்து கொண்டாடும். அதனால எனக்கு அந்தப் பேர்மனன்ட் வேணும். வேற லட்சியம் கிட்சியம் ஒண்ணும் கெடையாது.

டனல்னா பெரிய விஷயமில்ல. இன்டர்நெட் மெயின் ரோடு மாதிரி, எவனும் போவான், எவனும் எட்டிப் பாப்பான். அந்த ரோட்டுக்கு அடியிலயே நமக்கு மட்டும் ஒரு சுரங்கம் தோண்டிக்கிறோம். இந்தப் பக்கம் ஒரு ரவுட்டர் பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி, ரெண்டுலயும் ஒரே சாவி. ஒரு பெட்டி மாறாத விலாசத்துல காத்துக்கிட்டிருக்கும், அது சர்வர். மத்தப் பெட்டி தேடிப் போயி அதக் கூப்பிடும், அது கிளையன்ட். சாவி சரியா இருந்தா கதவு தெறந்திச்சி, கத முடிஞ்சிச்சி.

கொழும்பு ஆபீஸுக்கு மாறாத விலாசம் இருந்திச்சி. தோட்டத்துக்குக் கெடையாது. தோட்டத்து லைன் ஒவ்வொரு தடவ விழுந்து எழும்புறப்பவும் புதுசா ஒரு விலாசத்தோட எழும்பும். விலாசம் மாறுனாலும் பேர வச்சுத் தேடுற வசதியெல்லாம் உண்டு, ஆனா அவங்க வாங்கி வச்சிருந்த ஓட்டப் பெட்டியில அது இல்ல. மழ பெஞ்சா லைன் விழும். மலையில மழ எப்ப பெய்யாது? அப்ப கொழும்பு காத்திருக்கணும், தோட்டம் கூப்பிடணும். பச்சப் புள்ளைக்குக் கூடப் புரியும். ஆனா பச்சப் புள்ளைங்க தோட்டத்து ஆபீஸ் நடத்துறதில்லையே.

ஹட்டன்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டுல தங்கிக்கிட்டு மொத பஸ்ல தோட்டத்துக்குப் போனேன். ஆபீஸ்ல பெரிய கிளாக்கர் உக்காந்திருந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரரு. என்னயும் கையிலிருந்த பெட்டியயும் மாறி மாறிப் பாத்தாரு.

"உம்மையோ அனுப்பினவை? ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ அங்க?"

"இருக்காங்க சார். எல்லாருக்கும் பயம்."

"என்னத்துக்குப் பயம்?"

"அட்டைக்கி சார்."

மனுசன் சிரிக்கல. "எந்த ஊர் நீர்?"

"பூண்டுலோயா."

"டவுனோ, தோட்டமோ?"

"தோட்டம்."

"தகப்பன் என்ன, ஸ்டாஃபோ?"

"அப்பா தேயிலச் செடிக்கி கவ்வாத்து வெட்டுறவரு. அம்மா கொழுந்து. லயத்துல கடைசிக் காம்பரா. வேற ஏதும் கேக்கணுமா சார்?"

"அப்ப சரி" ன்னாரு. என்ன சரின்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குன்னு இழுத்துப் போட்ட நாக்காலிய அவரு ஃபைல் வைக்க எடுத்துக்கிட்டாரு, எனக்கு ஒரு ஸ்டூல் வந்திச்சி. ஸ்டூல்ல உக்காந்தே கேபிள் இழுத்து, பெட்டிய ஏத்தி, சாவி அடிச்சு, மத்தியானச் சோத்துக்கு முன்ன டனல எழுப்பி நிப்பாட்டிட்டேன். பச்ச லைட்டு பளிச்சுன்னு எரியுது. கொழும்புல இருக்குற கம்ப்யூட்டர இங்கருந்து தெறந்து காட்டுனேன். பெரிய கிளாக்கர் "ம்" ன்னு ஒரு சத்தம் குடுத்தாரு. செருமலா பாராட்டான்னு கண்டுபிடிக்க முடியல.

அப்பதான் அந்தத் தோட்டத்த நடத்துற தொரை உள்ள வந்தாரு. அரக்கால் சட்ட, முட்டி வரைக்கும் சொக்ஸ், பின்னால ஒரு கொழுத்த நாய். தொரைமாரு தமிழ் படிப்பாங்க, ஆனா அதுல வா, போ, எடு, வெட்டு தவிர வேற ஒண்ணும் இருக்காது. ஆளுங்கள மேய்க்கிறதுக்குன்னே படிச்ச தமிழ்.

"நீ சொல்லு. இது எப்பிடி வேல செய்யுது?"

நானும் லேசா சொல்லுவோமேன்னு சொன்னேன். "நம்ம பெட்டி போயி கொழும்புக் கதவத் தட்டும் சார். நான் இன்ன தோட்டம், இதுதான் என் சாவின்னு சொல்லும். அவங்க பாத்து, சரின்னா உள்ள விடுவாங்க."

நம்ம நேரம், சரியா அந்நேரம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளிய ஒரு அக்கா நிக்கிறாங்க. தோட்டத்து ஆளுங்க யாரும் ஆபீஸுக்குள்ள வரக் கூடாது. கூரத் தகரம் ஓட்டையா இருந்தாலும், புள்ளைக்கி காச்சலா இருந்தாலும், ஜன்னலுக்கு வெளிய வந்து நின்னு, "ஐயா"ன்னு கூப்பிட்டு, பேரும் டிவிசனும் சொல்லிட்டு, உள்ள இருக்குறவரு நிமுந்து பாக்குற வரைக்கும் நிக்கணும். அந்த அக்கா அப்பிடித்தான் முக்காட்டோட நின்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க.

தொரை ஜன்னலப் பாத்தாரு. பெட்டியப் பாத்தாரு. மறுபடி ஜன்னல்.

"நம்ம பெட்டி அந்த மாதிரி? கொழும்பு ஜன்னல்ல?"

"இல்ல சார், அது வந்து..."

"மாத்து. கொழும்பு தட்டணும். நம்ம தெறக்கிறது."

நம்ம விலாசம் மாறிக்கிட்டே இருக்கும் சார், அவங்களுக்கு நம்மளக் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொன்னேன். "இந்தத் தோட்டம் வெள்ளக்காரன் காலத்துல இருந்து இங்கதான் இருக்கு. எங்க மாறிச்சி?" ன்னு கேட்டுட்டு நாயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நாய் மட்டும் திரும்பிப் பாத்திச்சி. அதுக்குப் புரிஞ்சிருக்கும்.

பாஸுக்கு போன் போட்டேன். மனுசன் தொரைன்னு கேட்டதுமே கொரலக் கொறச்சுக்கிட்டாரு. "அவரு சொல்ற மாதிரி செஞ்சிடேன். கஸ்டமர் தானே."

மாத்துனேன். தோட்டம் சர்வர், கொழும்பு கிளையன்ட். மூணு மணி போல மழ வந்திச்சி, லைன் விழுந்திச்சி, புது விலாசத்தோட எழும்புச்சி. கொழும்புப் பெட்டி பழைய விலாசத்துல போயி தட்டு தட்டுன்னு தட்டுது. அந்த விலாசம் இப்ப எவன் வீட்டுக்குப் போச்சோ, அவனும் தெறக்கல. நான் புது நம்பரப் பாத்து, கொழும்புக்கு போன் போட்டு, அங்க ஒருத்தன் ஏனோதானோன்னு அடிச்சு, டனல் எழும்ப, அடுத்த மழ. மறுநாளும் இதே கூத்து. அதுக்கு மறுநாளும்.

பெரிய கிளாக்கருக்கு வாயெல்லாம் பல்லு. "நாங்கள் ஃபேக்ஸ் அனுப்பேக்க ஒரு நாளும் இப்பிடி நடந்ததில்லை பிள்ளை."

"ஃபேக்ஸ் எந்த லைன்ல போகுது சார்?"

"அது வேற. அது நல்ல ஃபேக்ஸ்."

தொரை பாஸுக்கு போன் போட்டு, "ஆள் சரியில்ல"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டாரு. பாஸ் என்ன லைனுக்குக் கூப்பிட்டு, "நாளான்னைக்கி டிரெக்டர். நாளைக்கும் விழுந்தா வேற ஆள அனுப்புறேன், நீ அப்பிடியே பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறு. கொழும்புக்கு வர வேணாம்" ன்னாரு. எதனால விழுதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுகிட்டே சொன்னாரு பாருங்க, அதுக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அடுத்த நாள் காலையில போறப்ப பெரட்டு நடந்துக்கிட்டிருந்திச்சி. கொட்டுற பனியில ஆளுங்க எல்லாம் கூடயயும் கத்தியயும் வச்சுக்கிட்டு களத்துல நிக்கிறாங்க. பேரு கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற எடம். தொரை இன்னும் வரல. அவரு எப்ப வேணும்னாலும் வருவாரு, இவங்க அசையக் கூடாது. எங்கம்மாவும் இப்ப பூண்டுலோயாவுல இப்பிடித்தான் நிப்பாங்கன்னு நெனச்சேன், வயிறு எரிஞ்சிச்சி. எரிஞ்சப்பதான் புத்தி வேல செஞ்சிச்சி. ஜன்னல்ல வாரவன் சின்னவன். பெரட்டுல வாரவன் பெரியவன். இந்த ஆளுக்கு நான் ஜன்னலக் காட்டித் தொலச்சிட்டேன்.

தொரை ஆபீஸுக்கு வந்ததும் போயி நின்னேன்.

"சார், நான் அன்னிக்கி சரியாச் சொல்லல. சர்வர்னா பெரட்டுல நிக்கிற மாதிரி. நின்ன எடத்துலயே நிக்கணும். யாரு எப்ப வருவாங்கன்னு அதுக்குத் தெரியாது. கிளையன்ட் அதுபாட்டுக்கு இஷ்டப்பட்ட நேரம் வந்து பேரு கூப்பிடும். மத்தது ஆமாங்கன்னு சொல்லணும்."

தொரை பேனாவ வச்சாரு. "அப்ப இப்ப நம்ம நிக்கிறது?"

"ஆமா சார். கொழும்பு வாரதும் போறதுமா இருக்கு."

"மாத்து. கொழும்பு நிக்கணும்."

"மழ வெயில் பாக்காம நிக்கும் சார்."

"நம்ம வாறது?"

"நாம நெனச்ச நேரம்."

"இத ஏன் நீ முந்தியே சொல்லல?"

நான் தரையப் பாத்தேன். சிரிப்பு வந்தா வேல போயிடும்.

தொரை போனப் பெறகு பெரிய கிளாக்கர் கண்ணாடிக்கு மேலால பாத்தாரு. "முதல்ல ஜன்னல் எண்டீர், இப்ப பெரட்டு எண்டுறீர். எது பிள்ளை உண்மை?"

"மழைக்கி விழாதது எதுவோ அது சார்."

அன்னிக்கி மழ பிச்சு ஊத்துச்சி. லைன் விழும், எழும்பும், எழும்புன ஒடனே நம்ம பெட்டி தானா ஓடிப் போயி கொழும்பப் புடிச்சிக்கும். நான் ஸ்டூல்ல உக்காந்து பிஸ்கட் தின்னேன்.

மறுநாள் டிரெக்டர் வந்தாரு. வெள்ளச் சப்பாத்து. மலைக்கி வெள்ளச் சப்பாத்து போட்டுக்கிட்டு வாரவரு கிட்ட என்னத்த எதிர்பாக்குறது. கொழுந்து நிறுவக் கணக்கெல்லாம் கொழும்புக்குப் போறதப் பாத்து தலையாட்டுனாரு. எல்லாம் முடிஞ்சிச்சின்னு நான் நெனச்சேன். தொரைக்கி வாய் சும்மா இருக்கல. இங்கிலீஷ்ல, பெருமையா, "ஹெட் ஆபீஸப் பெரட்டுல நிப்பாட்டி வச்சிருக்கோம் சார்" ன்னு ஆரம்பிச்சு முழுசா வெளக்குனாரு. நான் சொன்னத விட நல்லாவே வெளக்குனாரு.

டிரெக்டர் மொகம் சுருங்கிப் போச்சி. "தோட்டம் வர்ற வரைக்கும் ஹெட் ஆபீஸ் காத்துக்கிட்டு நிக்கணுமா? இது யாரோட ஐடியா?"

தொரை என் பக்கம் கையக் காட்டிட்டு ஜன்னல் பக்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. பெரிய கிளாக்கருக்கு அவசரமா ஏதோ ஃபைல் தேட வேண்டி வந்திச்சி.

"மாத்துங்க" ன்னாரு டிரெக்டர்.

ஒரு ஓரமா போயி பாஸுக்கு போன் போட்டேன். "மாத்திடு, மாத்திடு" ங்குறாரு.

"மாத்துனா விழும் சார். வெளிய மழ."

"டிரெக்டர் வண்டி ஏறுற வரைக்கும் நின்னா போதும்."

தகரத்துல மழ சடசடன்னு விழுது. டிரெக்டர் டீ குடிக்காம வண்டி ஏற மாட்டாரு, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள லைன் ரெண்டு தடவ விழும். சொன்னத செஞ்சா வேல போயிடும், செய்யலன்னு தெரிஞ்சாலும் போயிடும். நான் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தேன். கருப்புத் திரையத் தெறந்து, பெட்டி இப்ப எப்பிடி இருக்குன்னு பட்டியல் போட்டுக் காட்டுற கட்டளைய அடிச்சேன். வெள்ள எழுத்து சரசரன்னு மேல ஓடுச்சி. அது எதயும் மாத்தாது. கண்ணாடியில மொகம் பாக்குற மாதிரி, அவ்வளவுதான். மறுபடி அடிச்சேன், மறுபடி ஓடுச்சி. மூணு பேரும் மூச்சு விடாமப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்த ஆபீஸ்ல என்ன மதிச்ச ஒரே நேரம் அதுதான்.

"மாத்தியாச்சு சார். இனி ஹெட் ஆபீஸ் வரும், தோட்டம் நிக்கும்."

"குட்" ன்னாரு. டீ வந்திச்சி. குடிச்சிக்கிட்டிருக்கிறப்ப லைன் விழுந்திச்சி, செவப்பு லைட்டு. பெரிய கிளாக்கர் வாயத் தெறக்கிறதுக்குள்ள பச்ச. "பாத்தீங்களா, ஹெட் ஆபீஸ் வந்து புடிச்சிருச்சு சார்" ன்னேன். டிரெக்டர் இன்னொரு பிஸ்கட் எடுத்தாரு.

வண்டி எறங்கிப் போனதும் தொரை என்ன வெராண்டாவுக்குக் கூப்பிட்டாரு. கொரலத் தாழ்த்தி, "இப்ப யாரு நிக்கிது?" ன்னு கேட்டாரு.

"கொழும்புதான் சார்."

"அவருக்கு வேற சொன்ன?"

"அவரு தூரத்துல இருக்குறவரு சார்."

மனுசன் மொத தடவையா சிரிச்சாரு. ஃபேக்டரியில இருந்து ஒரு பாக்கெட் நல்ல தேயிலத் தூள் எடுத்துக் குடுக்கச் சொன்னாரு. எங்க லயத்துல நாங்க குடிக்கிறது கழிச்சுப் போட்ட டஸ்ட். வாங்கிக்கிட்டேன், தேங்க்ஸ் சொல்லல.

திங்கக்கிழம பாஸ் லெட்டர் குடுத்தாரு. பேர்மனன்ட். "டிரெக்டருக்கு உன்னப் புடிச்சுப் போச்சு. சொன்ன பேச்சக் கேக்குற புள்ளயாம். அவங்களோட மத்தத் தோட்டம் எல்லாத்துக்கும் உன்னையே அனுப்பச் சொல்றாரு."

கொழும்புல ஏசி ரூம்ல நாக்காலி கெடைக்கும்னு நெனச்சவளுக்கு மறுபடி மலைதான். அந்தக் கெழமையே நானுஓயாவுல எறங்கி, வேன் புடிச்சு, அடுத்த தோட்டம். இங்க தொரை வாலிபம், தலையில ஜெல்லு, கையில புது லேப்டொப். "நானும் கொஞ்சம் ஐடி படிச்சிருக்கேன்" னு வேற ஆரம்பிச்சாரு. நான் பெட்டியப் பிரிக்கவே இல்ல. ஸ்டூல் வர்ற வரைக்கும் காத்திருக்காம அவரு மேசைக்கி முன்னால இருந்த நாக்காலியில உக்காந்து கேட்டேன்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க சார். உங்களுக்கு யாரு நிக்கணும்?"