மஞ்சள் நூல் கட்டிய அவரை

மாசி அமாவாசையன்று மாலை, விழுப்புரத்தில் வேலை முடிந்து திண்டிவனத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். பையை இறக்குவதற்கு முன்பே பின்பக்கம் போய் அவரைப் பந்தலைப் பார்ப்பது என் வழக்கம். விதைக்கென்று விட்டிருந்த காய்கள் ஒன்றுகூட இல்லை. காம்புகள் ஒழுங்காகக் கிள்ளப்பட்டிருந்தன. அணில் அப்படிக் கிள்ளாது.

அந்த அவரை கடையில் கிடைப்பதல்ல. ஓரத்தில் ஊதா ஓடிய, சதைப்பற்றுள்ள குட்டைக் காய். என்னுடன் ரயிலில் வந்துபோன பெருமுக்கல் தோழி கொடுத்த விதை. பிறகு அவள் வீட்டை விற்றுவிட்டு ஓசூரில் மகனோடு போய் இருந்துகொண்டாள். அங்கே மாடி வீட்டில் கொடிக்கு இடமில்லை. நான் டப்பாவில் எடுத்து வைத்திருந்த மிச்ச விதையை வண்டு அரித்துவிட்டது. ஆகவே அடுத்த ஆடியில் போடுவதற்கு இருந்தது கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்த அந்தக் காய்கள் மட்டும்தான். யாரும் குழம்புக்குப் பறித்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் காம்பிலும் நூல் கட்டியிருந்தேன். வெள்ளை நூல் இலைக்குள் கண்ணில் படவில்லை. அதனால் மஞ்சள் நூல்.

கணவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தல்ல இருந்த வெதக் காய் எங்கங்க?"

"அக்கா வந்துச்சு. மயானக் கொள்ளைக்குப் போற வழியாம். இன்னா தம்பி, காயில மஞ்ச நூலு கட்டிக்கினு கெடக்குதுன்னு கேட்டுச்சு. வேண்டுதலா இருக்கும்னு சொன்னேன். அப்ப நானே சேத்துடறேன்னு பறிச்சிக்கினு போச்சு."

"வேண்டுதல்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

"மஞ்ச நூலு கட்டினா வேற இன்னான்னு நெனைக்கிறது?"

விதைக்கு விட்டிருக்கிறேன், யாரையும் தொட விடாதீர்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டியிருந்தார். தலையாட்டும்போதும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்மலையனூர் மயானக் கொள்ளையில் அங்காளம்மனுக்குச் சூறை விடுவார்கள். நிலத்தில் விளைந்ததை, தோட்டத்தில் காய்த்ததை எல்லாம் மயானத்தில் வாரி இறைப்பார்கள். கீழே விழுந்ததை மற்றவர்கள் பொறுக்கிக்கொண்டு போய் வீட்டில் வைப்பார்கள், நிலத்திலும் போடுவார்கள். என் விதைக் காய்கள் அந்தக் கூட்டத்தின் காலடியில்தான் போய் விழுந்திருந்தன.

விளக்கு வைக்கும் நேரத்தில் நாத்தனார் வந்து சேர்ந்தார். நெற்றி நிறையக் குங்குமம், முகத்தில் அவ்வளவு திருப்தி.

"உன் வேண்டுதலயும் சேத்து முடிச்சிட்டேன்மா. ஒரு காய் உடாம அம்மா மேல வீசிட்டேன். பஸ்ல இன்னா கூட்டம், ஒரே பேஜாரு. அந்த நெரிசல்லயும் உன் காய மடியிலயே கட்டிக்கினு போனேன்."

"அது வேண்டுதல் இல்ல அண்ணி. வெத."

"வெதயா? வெதைக்கு யாராவது மஞ்ச நூலு கட்டுவாங்களா?"

"என்னைக் கேட்டிருக்கலாமே? போன் இருக்குதே."

"சாமி விஷயத்த போன் போட்டா கேப்பாங்க? நேந்துக்கினத வெளிய சொல்லக் கூடாதுன்னு நீ வாய மூடிக்கினு இருக்கறேன்னு நெனச்சேன்." பிறகு என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னார்: "ஏன் மூஞ்சத் தூக்கிக்கினு நிக்கற? எவனோ ஒருத்தன் பொறுக்கிக்கினு போயிருப்பான். அவன் ஊட்டுல காய்க்கட்டுமே."

எனக்குத் தாங்க முடியாமல் போனது அந்தச் சொல்தான். குழி தோண்டி, எருவிட்டு, பந்தல் கட்டி, விடியற்காலையில் டார்ச் அடித்து அசுவினிப் பூச்சி துடைத்தது நான். என் வீட்டில் காய்க்க வேண்டாம். எவனோ ஒருவன் வீட்டில் காய்க்கட்டுமாம்! கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

நாத்தனார் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சூறையில் தான் பொறுக்கியதை மேசைமேல் கொட்டினார். மல்லாட்டைக் கடலை, கொஞ்சம் கேப்பை, நசுங்கிய ஒரு எலுமிச்சம்பழம். அவரை ஒன்றுகூட இல்லை. "அம்மா குடுத்தது, பத்திரமா வையி" என்றார். நான் தொடவில்லை. மறுநாள் அவரே எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆடியில் கணவர் கடையிலிருந்து ஒரு விதைப் பாக்கெட் வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தார். பந்தலே வேண்டாத குத்து அவரை. நான் பிரிக்கவில்லை. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு நாத்தனார் வந்தார். கூட்டுக்குக் காய் பறிக்க முறத்தோடு பின்பக்கம் போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, பந்தலு வெறுமனே கெடக்குதே. இந்த வருஷம் அவரை போடலியா?"

அடுப்பில் பால் பொங்கும் நேரம். அந்த நேரத்தில் கடுஞ்சொல் கூடாது என்பார்கள். இருந்தாலும் சொன்னேன்.

"என்னைக் கேக்காதீங்க அண்ணி. மேல்மலையனூர்ல போய்க் கேளுங்க."

இந்த முறை கணவர் சிரிக்கவில்லை.