மருமகள் தொட்ட சுவிட்ச்

போன வாரம் குளுவாங்கில் ஒரு கல்யாண வீட்டில் நான் செய்த ரகளையை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் நண்பர் சிதம்பரத்தின் மகனுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் லாபிஸ், பெயர் கமலம். தாலி கட்டி முடித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். புது மருமகள் வந்ததும் விளக்கேற்ற வேண்டும் அல்லவா? நண்பருக்கு ஒரு யோசனை. தீபாவளிக்கு முன்புதான் வீட்டுக்குக் கரண்ட் வந்திருந்தது. குத்துவிளக்கு எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது...

"எம் மருமக லைட்டப் போடட்டும்லா" என்றார்.

கமலம் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். சுவிட்சைத் தட்டினாள்.

பளிச்! அடுத்த நொடி — இருட்டு.

விளக்கு 'அணைந்தது' என்று நம்மவர்கள் சாதாரண நாளிலேயே சொல்வதில்லை. 'குளிர வை' என்போம். அன்றைக்கு அந்த வார்த்தைகூட யார் வாயிலும் வரவில்லை. நண்பரின் அக்கா மட்டும், "வந்த நேரம் அப்படி" என்று முணுமுணுத்தார். பெண்ணின் அப்பா தலைகுனிந்து நின்றார். கமலத்தின் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் அந்தப் பெண் அதை எத்தனை வருஷம் சுமக்க வேண்டும்? எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் பல்ப் போனால் நான் சும்மா தூக்கி எறிவதில்லை. உடைத்துப் பார்த்துவிடுவேன். என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அதற்குத்தான். அந்தப் பைத்தியம் அன்றைக்குக் கைகொடுத்தது!

ஸ்டூலில் ஏறி, துண்டால் பிடித்துப் பல்பைக் கழற்றினேன். காதருகே ஆட்டினேன். உள்ளே கிணுகிணுவென்று சத்தம். அரிக்கேன் விளக்கில் காட்டினால், கண்ணாடியின் உள்பக்கம் கறுப்பாகப் படிந்திருந்தது.

"இது இன்னிக்கு வந்த சீக்கு இல்லீங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

உள்ளே இருப்பது மயிரிழைக் கம்பி. எரிய எரிய அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. அந்தக் கறுப்பு அதுதான். ஏதோ ஓர் இடத்தில் கம்பி நைந்துவிடும். எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் சில நாள் சமாளிக்கும். குளிர்ந்தால்தான் வினை! குளிர்ந்த கம்பி கரண்டை அவ்வளவாகத் தடுக்காது. சுவிட்சைப் போட்டதும் கரண்ட் திபுதிபுவென்று பாயும். நைந்த இடம் தாங்காமல், ஒரு தடவை மின்னி, அறுந்துவிடும். பெரும்பாலும் பல்ப் எரியும்போது போவதில்லை — போடும்போது போகிறது.

"சரி... இதத் திரும்பத் திரும்பக் குளிர வச்சு, திரும்பத் திரும்பப் போட்டது யாரு?" என்று கேட்டேன்.

நண்பரின் மனைவி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"வேற யாரு? வீட்டுக்கு யாரு வந்தாலும் போடுறதும் குளிர வைக்கிறதுந்தான் இவரு வேல. பால்காரருக்குக்கூடப் போட்டுக் காட்டுனாருங்க."

நண்பர் அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். கூட்டம் சிரித்துவிட்டது. கமலமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வேறு பல்ப் மாட்டினேன். கமலம் கையை நீட்டத் தயங்கினாள்.

"நீயே போடும்மா. நான் இருக்கேன்ல" என்று மாமியார் அவள் கையைப் பிடித்துச் சுவிட்சில் வைத்தார்.

வெளிச்சம்! பெண்ணின் அப்பாவுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். தேய்த்தவர் ஒருவர், பழியோ கடைசியாகத் தொட்டவர் மேல். பல்பில் மட்டுமா இது நடக்கிறது?

நேற்று அந்தப் பக்கம் போயிருந்தேன். சுவிட்ச் இனி மருமகள் பொறுப்பு என்று மாமியார் உத்தரவு போட்டுவிட்டாராம். என்னைக் கண்டதும் நண்பர் எழுந்தார், சுவிட்சைப் பார்த்தார், பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"கமலம்... மாமா ஒரே ஒரு தடவ போட்டுக்கவாம்மா?"