முனியம்மாள் பார்த்த பாடங்கள்

முனியம்மாளைப் பற்றி எழுது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

2017இல் திண்டிவனத்தில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ், அவள் ஆயா. அவளுக்கு மயிலம் பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர் போடுகிறவர். எட்டாவது வரை படித்தவள். ரத்தத் துணி அலசுவது, தரை துடைப்பது, வலியில் கத்தும் பெண்களுக்கு இடுப்பு பிடித்துவிடுவது எல்லாம் அவள்தான்.

அந்த வருஷம் நர்சுகளான எங்களுக்கு, பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது பற்றிப் போனில் வீடியோ பாடம் வந்தது. மொத்தம் முப்பது. ஒரு டாக்டரம்மா பொம்மைக் குழந்தையை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொல்லித் தருவார். முழுதாக ஓடினால்தான் சான்றிதழ். நடுநடுவே ‘பார்க்கிறீர்களா?’ என்று கேட்கும்; உடனே திரையைத் தொட வேண்டும். இருபது வருஷம் பிரசவம் பார்த்தவளுக்குப் பொம்மையை வைத்துப் பாடமா என்று எனக்குத் திமிர்.

“முனியம்மா, சும்மாதானே உக்காந்துக்கினு இருக்கே. இத்த அமுத்திக்கினு இரு.”

“குடுங்க சிஸ்டர். கேக்கும்போது தொடணும், அவ்ளோதானே?”

மற்ற மூன்று நர்சுகளும் தங்கள் போனை அவளிடமே கொடுத்தார்கள். ஒவ்வொரு பாடத்தையும் நான்கு தடவை பார்த்தாள். கடைசியில் வரும் கேள்விகளுக்கு விடை எங்கள் வாட்ஸப் குரூப்பிலேயே கிடைத்தது. என் பேர் போட்ட சான்றிதழைக் கூச்சமே இல்லாமல் பிரேம் போட்டு மாட்டினேன்.

ஆடி மாதம் ஒரு மதியம். டாக்டர் வெங்கடாசலம் விழுப்புரம் போயிருந்த நேரத்தில் அருணா என்ற பெண்ணுக்குத் திடீரென்று பிரசவமாகிவிட்டது. குழந்தை அழவில்லை. நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது. துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், மறுபடியும் தேய்த்தேன். அழாத பிள்ளையை டாக்டர் கையில் கொடுத்தே பழகியவள் நான். மாதாவே, மாதாவே என்று புலம்பியதைத் தவிர எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

“சிஸ்டர், தேச்சது போதும். பையை எடுங்க, ஜல்தி!” வாளியும் கையுமாக நின்ற முனியம்மாள் கத்தினாள்.

மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையை எடுத்து அழுத்தினேன். நெஞ்சு எழும்பவில்லை.

“கழுத்து மடங்கிக்கினு கீது பாருங்க, லேசா நிமுத்துங்க. மாஸ்க்க நல்லா பொருத்திப் புடிங்க, காத்து வெளிய போவுது.”

நிமிர்த்தினேன். நெஞ்சு ஏறி இறங்கியது. “அழுத்து, ரெண்டு, மூணு” என்று அவள் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை முகத்தைச் சுளித்து வீறிட்டது.

டாக்டர் அரக்கப்பரக்க வந்து பார்த்தார். “கொஞ்சம் லேட்டாயிருந்தா கொழந்த போயிருக்கும். யாரு பண்ணது?”

“நான்தான் சார். வீடியோவுல பாத்தது” என்றேன்.

அடிப்பாவி! வாய் கூசவில்லையே எனக்கு! குழந்தையின் அப்பா ஜெகதீசன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் கப்பலேறிவிடும்.

முனியம்மாள் நிமிர்ந்தாள். “ஆமா சார், சிஸ்டர்தான்” என்றாள்.

டாக்டர் போனதும் அவள் கையைப் பிடித்தேன். “ஏன்டி அப்படிச் சொன்னே?”

“பின்ன இன்னா சிஸ்டர்? ஆயா சொல்லித்தான் பச்சப்புள்ளைய பாத்தாங்கன்னு வெளிய தெரிஞ்சா, மொதல்ல என்னத்தான் வேலைய வுட்டுத் தூக்குவாங்க.”

அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.