இறால் மேசையில் ஓடிய படம்

காசிமேட்டில் நான் இறால் உரிக்கும் கொட்டகையில் செல்போனுக்கு வேலையே இல்லை. ஐஸ் தண்ணீரில் ஊறிய கையோடு அதை யார் தொடுவது? அதனால் எங்களுக்குப் படம் என்றால் ஒருத்தி பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான். பாட்டு வரும் இடத்தில் அவள் ஒரு வரி முணுமுணுப்பாள், மேசை முழுக்க அதைப் பிடித்துக்கொள்ளும். ஐஸ் புகையில் எல்லோர் முகமும் மிதக்கும். குளிர் தெரியாது, விரல் எரிச்சல் தெரியாது. எங்கோ மலையடிவாரத்தில் சேலை பறக்க ஓடிக்கொண்டிருப்போம்.

சும்மா சொல்லக்கூடாது, படம் சொல்வதில் என் பழைய தோஸ்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழைய தோஸ்து என்றுதான் சொல்வேன். என் காதலைப் போட்டுக்கொடுத்தவள் அவள். ஐஸ் வண்டி ஓட்டுகிறவரோடு திருவொற்றியூர் கடற்கரைப் பாறைகளில் நான் உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். என் அண்ணன் நேராக அங்கே வந்து, எல்லோரும் பார்க்க அவரை அடித்தான். அப்புறம் அவர் இந்தப் பக்கமே வரவில்லை. எனக்கும் வேறு கல்யாணம், பிள்ளை என்று ஆகிவிட்டது. அவளை மட்டும் மன்னிக்கவில்லை. ஏன் மன்னிக்க வேண்டும்? மேசைக்கு இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள். வருஷக்கணக்கில் பேச்சு கிடையாது. ஆனால் அவள் கதையை ஆரம்பித்தால் என் காது வெட்கமில்லாமல் அங்கே போய்விடும்.

காதல் படங்கள் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. கதாநாயகிக்குத் தோழி ஒருத்தி இருப்பாள். பூ வைத்துவிடுவாள், தூது போவாள். காதல் சேர்ந்ததும் அவளை யாரும் தேடுவதில்லை. ஹீரோவும் ஹீரோயினும் எத்தனை சண்டை போட்டாலும் சேர்ந்துவிடுவார்கள். இரண்டு பெண்கள் சண்டை போட்டால் மட்டும் ஒருத்தி வில்லி ஆகிவிடுவாள்.

அன்றைக்கு அவள் சொன்ன புதுப்படத்தில் தோழி காட்டிக்கொடுத்துவிட்டாள், காதல் உடைந்துவிட்டது. நாசமாகப் போகிறவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே தோலை உரித்தேன். கடைசியில் மழையாம். தோழி வந்து ஹீரோயின் வீட்டு வாசலில் நிற்கிறாளாம்.

"'உங்க வூட்டு ஆளுங்க வந்து மெரட்னாங்கடி. பயந்துகினு சொல்லிட்டேன். அடிப்பாங்கன்னு சத்தியமா தெரியாது. உன் மூஞ்சில முயிக்க தெகிரியம் வர்ல'ன்னு அயுவுறா" என்றாள்.

அவள் பக்கத்தில் இருந்த அக்கா கேட்டாள். "அதுக்கு அவ இன்னா சொன்னா? மன்னிச்சாளா?"

"அத்த நீங்களே போய் பாருங்க. அல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

எங்கள் மேசையில் முடிவைச் சொல்லாமல் யாரும் விட்டதே இல்லை. எல்லோரும் அவளைக் கன்னாபின்னாவென்று ஏசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக மேட்னி போனேன். ஹீரோயின் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு வராத வார்த்தை அவளுக்காவது வரட்டும். திரையின் நீல வெளிச்சம் மடியில் விழுந்து கிடக்க, பாதித் தூக்கத்தில் இருப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு தோழியைக் காணவே காணோம். மழை வந்தது. அதில் ஹீரோவும் ஹீரோயினும்தான் நனைந்தார்கள். பெயரெல்லாம் ஓடி, விளக்கு எரிந்து, பெருக்குகிற அம்மா வந்து, "எய்ந்திரும்மா, முட்ஞ்சி போச்சு" என்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி! அப்படி ஒரு சீனே கிடையாது. அவள் எனக்காகச் சொன்னது அது.

மறுநாள் காலை கொட்டகைக்குள் நுழைந்ததும் நேராக அந்தக் கோடிக்குப் போனேன்.

"இன்னாடி, மழைல தோழி வர்லியே?"

அவள் நிமிரவில்லை. ஏற்கெனவே உரித்த இறாலையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

"படத்துல வர்ல" என்றாள்.

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்து அக்காவை, "கொஞ்சம் நவுருக்கா" என்று தள்ளிவிட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

"கதைய பாதில வுட்டா எப்டி? அல்லாரும் கேட்டுகினு கீறாங்க. வாசல்ல நனைஞ்சுகினு நின்னவள, 'உள்ள வாடி'ன்னு கைய புடிச்சு இட்டுகினு போய் சோறு போட்டாளாம்னு சொல்லு."