வலது பக்கம் சாய்ந்த கொண்டை

ஜனவரி 19, திங்கட்கிழமை. காலை பத்து மணி நாற்பது நிமிடம். மூட்டம் போட்டிருந்தது. மலையின் மேல் பாதியைக் காணவில்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட இரண்டு வேட்டிகளும் இன்றைக்குக் காய்வதாக இல்லை. அப்போதுதான் எங்கள் ராஜபாளையம் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மூன்று பெட்டிகள், ஒரு மடக்கு நாற்காலி, வட்டமான விளக்கு ஒன்று, பாதி ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி... எல்லாம் இறங்கி முடிந்த பிறகு ஒரு பெண் இறங்கினாள்.

நான் வாசலிலேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். நூல் மில்லில் முப்பத்து நான்கு வருடம் டைம் ஆபீசில் இருந்தவன். எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் வெளியே போனார்கள் என்று எண்ணி எண்ணியே தலை நரைத்தது. ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான்... எண்ணுவதிலிருந்து யார் ஓய்வு கொடுப்பார்கள்?

வந்தவள் பெயர் ரெபெக்கா. திருப்பூர்க்காரி. மேக்கப் ஆர்ட்டிஸ்ட். என் மகள் நித்யாவின் கல்யாணத்துக்கு முகமும் முடியும் அவள் பொறுப்பா, இல்லையா என்று முடிவு செய்ய அன்றைக்கு ஒத்திகை. 'ட்ரையல்' என்று சொல்ல வேண்டுமாம்.

நித்யாவுக்கு பெங்களூரில் வேலை. மாப்பிள்ளைக்கு ஊர் பூனா. அவர்கள் வீட்டில் நாற்பத்தாறு பேர் ரயிலேறி வருகிறார்கள். மலையடிவாரத்தில், எங்கள் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில், ஒரு மாந்தோப்பு விடுதியை மூன்று நாளைக்குப் பிடித்திருந்தோம். இதற்குப் பெயர் டெஸ்டினேஷன் வெட்டிங் என்றாள் மகள்.

"பிறந்த ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணினா அது எப்படிம்மா டெஸ்டினேஷன்?" என்று கேட்டேன்.

"பூனாவுல இருந்து பாருங்கப்பா... தெரியும்" என்றாள்.

சரி, பூனாவிலிருந்தே பார்ப்போம்.

எனக்குக் கவலை அது இல்லை. என் மனைவி சரோஜா மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அதுதான் கவலை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்கு முகவாதம் வந்தது. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. முகத்தின் வலது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மருந்து, மின்சார சிகிச்சை, பயிற்சி எல்லாம் செய்து தொண்ணூறு சதவீதம் சரியாகிவிட்டது என்றார் டாக்டர். மீதிப் பத்தை வைத்துக்கொண்டு சரோஜா வீட்டுக்குள் போய்விட்டாள். வெளியாள் வந்தால் முந்தானை வாய்க்குப் போகும். இரண்டு வருடத்தில் பதினேழு கல்யாணங்களுக்கு நான் தனியாகத்தான் போனேன். அவள் போட்டோவில் நின்றது ஒன்றுகூடக் கிடையாது.

"நான் பந்தியப் பாத்துக்கிடுதேன். தாரைய உங்க தம்பியும் அவன் பொண்டாட்டியும் வாக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கம் தாரை வார்க்கும்போது பெண்ணின் கையை அப்பா பிடித்துக் கொடுக்க, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜோடியாகத்தான் நிற்க முடியும். அவள் வராவிட்டால் நானும் இல்லை. ஒரே மகள். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து என் தம்பி அவளைக் கொடுப்பதைப் பார்க்க வேண்டும்.

நித்யா என்னிடம் மட்டும் சொன்னாள், "அம்மாவ உக்கார வைக்கிற ஆள் கிடைச்சா அவங்கதான்பா ஆர்ட்டிஸ்ட். என் மூஞ்சிய யாரு வேணா போடலாம்."

மதுரையில் முதலில் ஒருவரைப் பார்த்தோம். பெரிய ஆள். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். மூன்று மணி நேரம் பத்து நிமிடம் கழித்து நித்யா வெளியே வந்தபோது நான் எழுந்து வழி விட்டேன்... வேறு யாரோ என்று நினைத்து. அது போகட்டும். நித்யா போனில் அம்மா படத்தைக் காட்டிக் கேட்டாள். அந்தம்மா பெரிதாக்கிப் பார்த்தார். "ஆன்ட்டிய ஒரு சைடா நிக்க வச்சிருங்க, மிச்சத்த எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார். நித்யா போனைப் பைக்குள் போட்டாள்.

அதனால்தான் இந்த ஒத்திகையை வீட்டிலேயே வைத்தோம். சரோஜா அடுப்படியை விட்டு வரவில்லை. காபியை நான்தான் வாங்கி வந்து கொடுத்தேன்.

என் கையில் நோட்டு. பத்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். நேரம் தவறாமை, பிரஷ்களின் சுத்தம், வேர்வைக்கு நிற்குமா, பேச்சு... என்னைக் கேலி செய்யாதீர்கள், வீடு கட்டக் கொத்தனார் பார்த்தபோதும் இதே முறைதான். வீடு இன்னும் நிற்கிறது.

நித்யா கேட்டது ஆண்டாள் கொண்டை. அவள் அம்மா பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அந்த ஊர்ப் பேத்திக்கு வேறு எந்தக் கொண்டை பொருந்தும்? ரெபெக்கா ஒரு மணி நேரம் இருபத்தைந்து நிமிடத்தில் கட்டி முடித்தாள். ஐம்பத்தேழு ஹேர்பின். சவுரி, அதைச் சுற்றி முத்துச்சரம், பூவுக்கு இடம். நான் சுற்றி வந்து பார்த்தேன். கொண்டை: உறுதி, அழகு, அமைப்பு. எட்டரை மதிப்பெண் போட்டேன்.

"ஏட்டி, அது என்ன பக்கம்?"

அடுப்படி வாசலில் சரோஜா. கையில் கரண்டி. முந்தானை இடுப்பில் செருகியபடி இருந்தது.

"என்னம்மா?" என்றாள் நித்யா.

"ஆண்டாளுக்குக் கொண்டை இடது பக்கம்லா சாஞ்சிருக்கும். வலப்பக்கம் முடிஞ்சு வச்சிருக்கு. இதோட மேடையில உக்காந்தா வில்லிபுத்தூர் சனம் சிரிக்கும்."

ரெபெக்கா போனை எடுத்தாள். "இல்லீங்கம்மா, இந்தப் போட்டோவப் பாத்துத்தானுங்க கத்துக்கிட்டேன். இந்தப் பக்கந்தானுங்க இருக்கு."

போனை நான் வாங்கிப் பார்த்தேன். யாரோ ஒரு பெண் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம். கொண்டை அழகாக வலது பக்கம் இருந்தது. பின்னால் சுவரில் நாட்காட்டி. எண் என்று ஒன்று இருந்தால் என் கண் அங்கேதான் போகும். தேதி எல்லாம் தலைகீழ்... இல்லை, இடம் வலமாகத் திரும்பி இருந்தது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி.

"இது செல்ஃபிம்மா. போன் திருப்பிக் காட்டியிருக்கு" என்றேன்.

ரெபெக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ அப்பா... நாலு பொண்ணுங்களுக்கு இப்படியே போட்டு அனுப்பிருக்கேனுங்க."

"திருப்பூர்ல யாரும் சொல்லலையா?" என்றாள் சரோஜா.

"அங்க எல்லாரும் சூப்பர்னுதானுங்க சொன்னாங்க."

சரோஜா சிரித்தாள். இரண்டு வருடமாக முந்தானைக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு. இப்போது நேராகப் பார்த்தேன். ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருந்தது.

"கரண்டியப் பிடிங்க" என்று என்னிடம் நீட்டினாள். "நீ எந்திரி பிள்ள, பாத்துக்கோ. இப்படியில்ல, உச்சியில இருந்து இழுத்து..."

கொண்டையைப் பிரித்தாள். பின்களை ஒவ்வொன்றாக உருவி வாயில் வைத்துக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் செய்வதுதான்... கை ரெண்டும் வேலையாக இருக்கும்போது பின்னை வேறு எங்கே வைப்பது? ஆனால் நான் எண்ணினேன். நான்கு. உதட்டின் வலது ஓரத்தில். அன்றைக்குத் தண்ணீர் ஒழுகிய அதே ஓரம். ஒன்றுகூட விழவில்லை.

அவளுக்கு அது தெரியாது. பேசவும் செய்தாள், பல்லைக் கடித்தபடி.

கொண்டை இடது பக்கம் வந்து உட்கார்ந்தது. நித்யாவின் முகத்தைப் பார்க்க சரோஜா குனிந்தாள். எதிரே ரெபெக்காவின் கண்ணாடி. அதில் இரண்டு முகங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. சரோஜாவின் கை நின்றது. பின்களை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். முந்தானையை இடுப்பிலிருந்து உருவினாள்.

நானும் நித்யாவும் வேறு பக்கம் பார்த்தோம். அதுதான் எங்கள் பழக்கம்.

ரெபெக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, அந்தக் கண்ணு முழுசா மூடுதுங்களா?"

இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

"செத்த லேட்டா மூடும்" என்றாள் சரோஜா.

"தண்ணி வருங்களா?"

"காத்து அடிச்சா வரும்."

"அப்போ அதுக்குக் கீழ மை போடக்கூடாது. ஊறிரும்." ரெபெக்கா தன் நோட்டில் குறித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கப்பா, மேடையில ஃபேன் எந்தப் பக்கம் வருது?"

மேடையில் எத்தனை ஃபேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான்கு. எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

"நான் மேடைக்கு வரல, பிள்ள" என்றாள் சரோஜா.

"வராட்டிப் போகுதுங்க. ஃபேன் எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டு வைப்போம்."

அவ்வளவுதான். வற்புறுத்தவில்லை. 'அழகாத்தான் இருக்கீங்க' என்று பொய்யும் சொல்லவில்லை. நான் கரண்டியோடு மாடிக்குப் போய்ப் பந்தல்காரருக்கு போன் செய்தேன். வலது பக்கம்தான் வருகிறதாம். மாற்றச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். "கண்ணுல தண்ணி வரும்" என்றேன். கல்யாணம்னா எல்லாருக்கும் வரும்தானே ஐயா என்றார்.

மாடியில் நின்று யோசித்தேன். இரண்டு வருடமாக நாங்கள் எல்லோரும் அவளிடம் அன்பாக இருந்தோம். முகத்தைப் பார்க்காமல் அன்பாக இருந்தோம். கேள்வி கேட்காமல் அன்பாக இருந்தோம். அப்படி அன்பாக இருந்து இருந்தே அவளை அடுப்படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டோம். இந்தப் பெண் கொண்டையைத் தப்பாகக் கட்டினாள். கேள்வியைச் சரியாகக் கேட்டாள்.

கீழே இறங்கி வந்து பத்து அம்சங்களையும் அடித்துவிட்டு, 'ரெபெக்கா' என்று மட்டும் எழுதினேன்.

கல்யாணம் தை கடைசி முகூர்த்தத்தில். ஒத்திகைக்குப் பிறகு அன்று காலை வரைக்கும் சரோஜா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தம்பி பட்டு வேட்டியில் தயாராக நின்றான். முகூர்த்தத்துக்கு ஐம்பது நிமிடம் இருக்கும்போது மணப்பெண் அறையின் கதவு இடுக்கில் பார்த்தேன். மடக்கு நாற்காலியில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். ரெபெக்கா ஐந்தே பொருள்தான் பூசினாள். எதையும் மறைக்கவில்லை. வாய் கோணலை நேராக்கிக் காட்டவும் முயலவில்லை.

"போதுமா பிள்ள?" என்றாள் சரோஜா.

"போதுங்கம்மா. உங்க மூஞ்சி உங்களுக்கு இருக்கட்டும்."

சரோஜா வெளியே வந்து என் தம்பியைப் பார்த்தாள். "நீங்க போய்ப் பந்தியப் பாருங்க, கொழுந்தனாரே. சாம்பார்ல உப்பு பத்தலைங்காவ."

மேடையில் நித்யாவின் கை என் கைக்குள் இருந்தது. சரோஜா செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. எத்தனை நொடி ஊற்றினாள் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அந்த ஒன்றை மட்டும் நான் எண்ணவில்லை. பூனா சம்பந்தியம்மா பக்கத்தில் நின்று சரோஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜாவும் திருப்பிப் பார்த்தாள். முந்தானை தோளிலேயே கிடந்தது.

பத்து நாள் கழித்து போட்டோக்கள் வந்தன. அறுநூற்று எண்பத்திரண்டு. சரோஜா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து ஒன்றை எடுத்துவைத்தாள். தாரை வார்க்கிற படம். நேர் முகம். வலது கண் பாதி மூடி, உதடு ஒரு பக்கமாக ஏறி, சிரிக்கிறாள். பக்கத்தில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன்.

"இதப் பெருசு பண்ணிச் சட்டம் போட்டுட்டு வாங்க. முன்ரூம்ல மாட்டணும்."

"நான் கண்ண மூடியிருக்கேனே... வேற எடுப்போமே."

"உங்களப் பாக்கவா மாட்டுதேன்?"

பிரிண்ட், தேக்குச் சட்டம், கண்ணாடி, பஸ்ஸில் கொண்டுவந்தால் உடையும் என்று பிடித்த ஆட்டோ எல்லாம் சேர்த்து, இரண்டாயிரத்து நூற்று எண்பது ரூபாய்.