தகரப் படகுக்கு ஒரு லாரி விளக்கு

வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த ஜேம்ஸ், காலையில் சங்கப் பந்தலுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவார். அதற்குப் பிறகு மல்காஜ்கிரி வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. கேட்டைத் திறந்து தெருவைப் பார்ப்பார், மூடுவார். ரேடியோவைத் திருகுவார். ஒழுகாத குழாயைப் பிடித்து முறுக்குவார். மனைவி ஆரோக்கியமேரி ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வெள்ளைச் சேலை கட்டி டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அவருக்கு எங்கே நிற்பது என்றே தெரியாது.

"ஒரு இடத்துல உக்காருங்களேன். பாக்கிற எனக்கே தலை சுத்துது" என்பாள் மேரி.

"கூர்ச்சோண்டி டாடி" என்று மகளும் தெலுங்கில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள்.

கூட வேலை பார்த்த வெல்டர் ஜகதீசன் முன்பு தகரத்தில் ஒரு சின்னப் படகு செய்து ஷாமீர்பேட்டை ஏரியில் போட்டிருந்தார். வேலைநிறுத்தம் முடிகிற வழியைக் காணோம் என்று அவர் சொந்த ஊரான ஆம்பூருக்கு ரயில் ஏறும்போது, "படகு சும்மாதான் கெடக்குது. மீன் பிடிக்கணும்னா எடுத்துக்க. தண்ணி ஊறும், அப்பப்ப வாரிக் கொட்டிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் ஜேம்ஸைப் பிடித்துக்கொண்டது. எதற்கு வாரிக் கொட்ட வேண்டும்? ஒரு பம்பு வைத்தால் போயிற்று. பம்பு வைத்தால் பாட்டரி வேண்டும். பாட்டரி இருந்தால் விளக்கும் போடலாம், பொழுது சாயும்போது வெளிச்சத்துக்குப் பொடிமீன் கூடும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். ராணிகஞ்சில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கடையில் ஒரு பம்பையும் பாட்டரியையும் லாரி விளக்கு ஒன்றையும் பொறுக்கி எடுத்து வந்தார்.

இத்தனை வருஷமாக ஒயரும் ஃப்யூஸும் சுவிட்சுமாக அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த கைதான். ஆனால் ஒன்றை இன்னொன்றோடு இணைத்துப் பார்த்ததில்லை. யாரிடமும் கேட்கவும் கூச்சம். ரோட்டோரம் லாரிக்கு வேலை செய்துகொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்று கவனித்தார். விளக்குக்கு ஒரே ஒயர்தான் போயிற்று. பாட்டரியின் மைனஸை லாரியின் உடம்போடு சேர்த்திருந்தான்; கரண்ட் திரும்பி வர அந்த இரும்பே வழி. படகும் இரும்புத் தகரம்தானே என்று ஜேம்ஸுக்குத் தோன்றியது. வீட்டில் மிச்சம் கிடந்த மெல்லிய காலிங் பெல் ஒயரை இழுத்து, முறுக்கி, டேப் சுற்றி, ஒரே நாளில் வேலையை முடித்தார். கரையில் விளக்கு எரிந்தது. பம்பு உறுமியது. அவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்த மேரியை ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஏரியின் நடுவே போய், வெயில் இறங்கியதும் விளக்கைப் போட்டார். பம்பையும் ஓட விட்டார். விளக்கு மங்கியது. ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது.

"ஏங்க, பொகையுது" என்றாள் மேரி.

டேப் நனைந்து கழன்று, ஒயரின் மூட்டு படகின் தகரத்தில் பட்டிருந்தது. ஒயர் நெடுக இளகிப் புகைந்தது. பாட்டரி முனையைக் கழற்றலாம் என்றால் ஸ்பேனர் கரையில். கையால் திருகப் பார்த்த ஜேம்ஸ் விரலைச் சுட்டுக்கொண்டு படக்கென்று எழ, படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"உக்காருங்க" என்று அதட்டினாள் மேரி. பையிலிருந்து காயக்கட்டு வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். பாட்டரிக்கு ஒட்டினாற்போல ஒயரை வெட்டிவிட்டாள். புகை அடங்கியது.

அதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்தது. அவர் துடுப்புப் போட, அவள் டிபன் கேரியர் கிண்ணத்தால் இறைத்துக்கொண்டே வந்தாள். வெள்ளைச் சேலையில் முழங்கால்வரை சேறு. வீட்டுக் குழாயடியில் அவருடைய விரலை நீட்டச் சொல்லித் தண்ணீர் விட்டபடியே சொன்னாள்: "நான் வேலைக்குப் போறேன், நீங்க வீட்ல இருக்கீங்க. அது உங்களைக் குடையுதுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்காக இப்படிப் பறக்கணுமா?"

"நீ ஒண்ணும் சொல்லலையே மேரி."

"நீங்க நின்னு கேட்டாத்தானே சொல்றதுக்கு."

அடுத்த நாளே அவர் அந்த எலெக்ட்ரீஷியனிடம் போய், வெட்கத்தை விட்டு, எல்லாவற்றையும் சொன்னார். அவன் சிரித்துவிட்டு, "படகுக்குத் தகரத்துல மைனஸ் நக்கோ சாப்" என்று வேண்டாமெனக் கையை ஆட்டினான். போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர், இரண்டும் தடியாக. பாட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ். விளக்குக்கும் பம்புக்கும் தனித்தனி சுவிட்ச் என்று விளக்கினான்.

இந்தத் தடவை ஜேம்ஸ் முதலில் விளக்கை மட்டும் இணைத்தார். ஒயர் சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூட்டுகளைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டினார். பம்பை மறுநாளைக்கு என்று தள்ளிப் போட்டது அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது. அன்று முழுக்கத் தெருவுக்கும் வீட்டுக்குமாக நடந்தார்.

மறுநாள் பம்பையும் இணைத்தார். மேரி மறுபடியும் படகுக்கு வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "தனியா உங்களை விட்டா நான் வீட்ல நிம்மதியா இருக்க முடியாது" என்று வந்து ஏறினாள். விளக்கு எரிந்தது, பம்பு தண்ணீரை வெளியே தள்ளியது, எதுவும் புகையவில்லை. இருட்டும் நேரத்தில் தூண்டிலில் ஒரு விரால் மாட்டியது. அதைப் படகுக்குள் தூக்கிப் போட்டபோது மேரி வாய்விட்டுச் சிரித்தாள். வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது ஜேம்ஸ் சொன்னார்: "படகுல பின்னாடி ஒரு மோட்டார் வெச்சா, துடுப்பே வேணாம்."

"அதெல்லாம் வேணாம்" என்றாள் மேரி.

அவர் அதற்குள் எவ்வளவு தடியான ஒயர் வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார்.