மறிச்சு உட்டேனுங்க

ஓர் ஆங்கில வினைச்சொல்லைத் தெரிந்தே தப்பாகச் சொல்லி, ஒரு பெண்ணின் மஞ்சள் காட்டைக் காயவிட்டேன். நாக்குத் தவறிவிட்டது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. நாக்குத் தவறவில்லை.

எழுபதுகளின் பின்பாதி. குமாரபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியனாக இருந்தேன். அந்த வருஷம் ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை உடைந்து, தண்ணீர் தறிக்காரர் குடியிருந்த வளவைப் பார்த்துப் புரண்டது. அங்கே வீட்டுக்கு வீடு குழித்தறி. தீபாவளிச் சேலைகள் தறியில் ஏறியிருந்த நேரம். குழிக்குள் தண்ணீர் இறங்கினால் அத்தனை குடும்பத்துக்கும் பண்டிகை போச்சு.

வளவுக்கு மேற்கே ஓர் அம்மாவின் காடு. புருஷன் போன பிறகு தனியாகப் பண்ணயம் பார்த்தவர். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தன் வரப்பைத் தானே வெட்டினார். சாக்கில் மண் அள்ளிக் குறுக்கே போட்டு, வந்த வெள்ளத்தை முழுக்கத் தன் கடலைக் காட்டுக்குள் திருப்பினார். பிடுங்க வேண்டிய கடலை அழுகியது. ஒரு தறிக்குழியும் நனையவில்லை. "கடலை அடுத்த வருசமும் மொளைக்கும். தறியில பாவு நூலு நனைஞ்சா உங்க புள்ளைக அழுவும்" என்று தறிக்காரர்களிடம் சொன்னாராம்.

கரை அடைபடும்வரை கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. கடைமடைக் காடு என் மாமாவுடையது. அவர் மகளைத்தான் நான் கட்டியிருந்தேன். வாய்க்காலை அடைத்துத் தண்ணீர் திருடினாள் என்று மாமா புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரி வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

என்ன செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அந்த அம்மா சேறு காயாத கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "வளவுக்குள்ள போன தண்ணிய மறிச்சு உட்டேனுங்க, சாமி."

எங்கள் பக்கத்தில் மாட்டை மறிச்சு உடு என்றால், முன்னால் போய் நின்று வேறு பக்கம் திருப்பு என்று பொருள். தண்ணீருக்கும் அதுதான். அதற்கு டைவர்ட் என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அப்ஸ்ட்ரக்ட் என்றேன். வாய்க்காலைத் தடுத்து அடைத்தார் என்று.

"அப்ஸ்ட்ரக்ட்?" என்று அதிகாரி இன்னொரு முறை கேட்டார். திருத்திக்கொள்ள எனக்குக் கிடைத்த இடம் அது. "யெஸ் சார்" என்றேன்.

அந்த அம்மாவின் மடைக்குப் பூட்டுப் போட்டார்கள். முறைத் தண்ணீர் கிடையாது. வாய்க்கால் ஓரத்தில் என்னைப் பார்த்தபோது கேட்டார்: "ஏனுங் வாத்தியாரே, நான் சொன்னதத்தான அந்த ஆப்பீசர்கிட்டச் சொன்னீங்க?"

"ஆமாங்க" என்றேன். அவர் நம்பினார்.

இன்னொரு காட்டில் அவருக்கு மஞ்சள் இருந்தது. கார்த்திகை, மார்கழி முழுக்கக் கிணற்றில் சேந்திக் குடம் குடமாக ஊற்றினார். தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து வரிசையில் நின்று குடம் கைமாற்றினார்கள். "எடுத்தா எட்டு மொழம் நெய்யற கை, ஒரு கொடம் தூக்க இந்த ஆட்டம் ஆடுது" என்று அவர்களைக் கிண்டலடித்துக்கொண்டே முன்னால் நின்றது அவர்தான். நான் சைக்கிளில் தாண்டிப் போவேன். எனக்கும் "பள்ளிக்கூடத்துக்கா சாமி" என்று ஒரு வார்த்தை வரும். தை பிறக்குமுன் கிணறு அடிமண் காட்டியது. மஞ்சள் காய்ந்தது.

அடுத்த வருஷம் தண்ணீர் முறை பிரிக்க விவசாயிகள் கோயில் முன்னால் கூடினார்கள். தமிழ் தெரிந்த புது அதிகாரியும் வந்திருந்தார். நான் எழுந்து, போன வருஷம் நடந்ததைச் சொன்னேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன் பிறகு அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. என் மனைவி அதற்கு என்னைக் குறை சொல்லவில்லை, முந்தைய வருஷமே சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டாள்.

அந்த அம்மா பெண்கள் பக்கமிருந்து கேட்டார்: "அது என்ன வார்த்தைங்க?"

"அப்ஸ்ட்ரக்ட்."

"அப்பிசு... ட்ராக்கு?" வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். "அப்பிடின்னா?"

"போற வழியில குறுக்க நின்னு தடுக்கறதுங்க."

"அப்ப அதப் பண்ணுனது நீங்கதானுங்களே."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, அங்கேயே பூட்டை எடுக்கச் சொன்னார். காய்ந்த மஞ்சளுக்கு ஈடாக என் காட்டில் விளைந்த மஞ்சளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நின்றேன். அவர் விதைக்கு வேண்டியதை மட்டும் இறக்கிக்கொண்டு மாட்டைத் திருப்பிவிட்டார்.

அந்தச் சொல் அவரோடு தங்கிவிட்டது. எண்பதுகளில் வாய்க்கால் கரையில் எருமைகளை ஓட்டிக்கொண்டு எதிரே வருவார். "வாத்தியாரே, அப்பிசுட்ராக்குப் பண்ணாம ஓரமா நில்லுங்க" என்பார். நான் சைக்கிளை விட்டு இறங்கி, எருமைகள் எல்லாம் போகும்வரை சரிவில் நிற்பேன். சில நாள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவார். மன்னித்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.